ஒப்போசம் எழுந்த இடம்

“அருவாள எடுறா! பொழுது சாயறதுக்குள்ள மாப்பிள்ளையக் கண்டுபிடிச்சாகோணும்!”

காளியண்ணன் முதலில் காட்டுக்குள் இறங்கினான். பின்னால் மாரப்பன். இருவரும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியோடு தென்னமெரிக்காவின் கயானாவுக்குப் பிழைக்க வந்தவர்கள். ஓடை பார்த்துவரப் போன செங்கோடன் நேற்றிலிருந்து திரும்பவில்லை. காளியண்ணனின் தங்கை புருசன் அவன்.

“மாப்ளே...! செங்கோடா...!”

தொண்டை கட்டியதுதான் மிச்சம். வருசக்கணக்காகக் கம்ப்ரசர் இரைச்சலில் நின்று மூவருக்குமே காது பாதி போயிருந்தது. இவர்கள் கத்துவது அவனுக்கு எட்டாது. அவன் முனகினால் இவர்களுக்குக் கேட்காது. முறிந்த கிளைகளைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது.

திடீரென்று புதரிலிருந்து ஒரு பிராணி பாய்ந்தது! பூனை அளவு, கூர்மூக்கு, மயிரில்லாத நீள வால். பல்லை இளித்துச் சீறியது. மாரப்பன் அரிவாளை ஓங்கினான். அடி விழுமுன்பே அது பொத்தென்று சாய்ந்தது. வாய் பிளந்து எச்சில் ஒழுகியது. பிண நாற்றம்.

“நாந் தொடவே இல்லீங்ணா! செத்துப்போச்சு!”

“நாறுது, உட்டுட்டு வாடா.”

தடம் ஓடைக்கரையில் அறுந்தது. வெள்ளம் இரண்டு கரையையும் தொட்டு ஓடியது. கடக்க முடியாது. நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பினார்கள்.

பிராணி அங்கேயேதான் கிடந்தது. அதன் காது துடித்தது. தலை நிமிர்ந்தது. வயிற்றுப் பையில் குட்டிகள் நெளிய, எழுந்து பள்ளத்துக்குள் ஓடியது! அது ஒப்போசம். சீறிப் பார்க்கும், பல்லைக் காட்டும். எதுவும் பலிக்காவிட்டால் உடம்பு தானாகவே விறைத்துவிடும். செத்ததை எதற்குத் தின்பதென்று பகை விலகிப் போகும்.

அது ஓடிய திசையைப் பார்த்த மாரப்பன் அலறினான். “ண்ணா! செங்கோடன் துண்டு!”

பள்ளத்துப் பாறை இடுக்கில் கால் மடங்கிக் கிடந்தான் செங்கோடன். வாயில் நுரை, முகமெல்லாம் எறும்பு. அவனைத் தாண்டித்தான் முன்பு ஓடைக்குப் போயிருக்கிறார்கள்!

காளியண்ணன் அவன் நெஞ்சில் காதை வைத்தான். ஒன்றுமில்லை. மறுகாதை வைத்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“போயிட்டான்டா. தங்கச்சிக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்?”

“அதுவும் இப்படித்தானுங்ணா கெடந்துச்சு. நம்ம காத நம்பாதீங்க. ராடுல கை வைக்கற மாதிரி வெச்சுப் பாருங்க!”

பல நூறடி ஆழத்தில் சுத்தியல் பாறையை வெட்டுகிறதா, சும்மா சுற்றுகிறதா என்பதை டிரில்லர் துளைக்கம்பியான ராடில் வைத்த கையால்தான் அறிவான். காளியண்ணன் உள்ளங்கையைப் பதித்து மூச்சை அடக்கினான். இல்லை. இல்லை. அப்புறம், அடியாழத்தில், டுக்...

“அடிக்குதுடா! தூக்கு!”

இரண்டு கம்பு, ஒரு லுங்கி, தூளி தயார். வழுக்கி விழுந்து, எழுந்து, இருட்டுமுன் கூடாரம் சேர்த்தார்கள்.

கண் விழித்ததும் செங்கோடன் சொன்னான்: “நீங்க தாண்டிப் போறதப் பாத்தனுங் மச்சான். கத்துனேன். அப்பறம் ஒண்ணுந் தெரியல.”

“செவிடனுககிட்டக் கத்தி என்ன மாப்ளே பிரயோசனம்? கல்லெடுத்து எறிய வேண்டீதுதான!”

“கை தூக்க முடியலீங் மச்சான்.”

காளியண்ணன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. எழவே முடியாதவன் செத்தவன் போலக் கிடக்கத்தான் செய்வான். கை வைத்துப் பார்க்காமல் துண்டைப் போட்டு மூடிவிடக் கூடாது.