ஒரு முறை பாக்கி

அவள் கொடுக்க வேண்டிய பாக்கி ஒரே ஒரு முறை. காசு இல்லை. மலைப்பாதையில் சைக்கிளில் முன்னால் போகிற முறை.

கல்யாணமான புதிதில் அவளும் கணவனும் வைத்துக்கொண்ட வழக்கம் அது. மலையிலிருந்து இறங்குகிற பாதை ஒற்றை ஆள் அகலம். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். இன்றைக்கு முன்னால் போனவர் அடுத்த தடவை பின்னால் வர வேண்டும். முன்னால் போகிறவர் கண்ணில் படுவதைக் கத்திச் சொல்ல வேண்டும்: "வேர்!", "கல்!", "பள்ளம்!" பின்னால் வருகிறவர் ஒவ்வொன்றுக்கும் "வந்துட்டேன்!" என்று பதில் கொடுக்க வேண்டும். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கவே கூடாது. கண் போகிற பக்கம் சைக்கிளும் போகும். ஒரு நொடி திரும்பினால் மரத்தைக் கட்டிப்பிடிக்க வேண்டியதுதான். பதில் வந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். பதில் நின்றால் பிரேக். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. முட்டி பெயர்ந்து, முழங்கை தேய்ந்து அவர்களே கண்டுபிடித்தது.

ஒரு மத்தியானம், வேலை முடிந்து வந்தவள், வீட்டு நடையில் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனபோது, பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. டிக்டிக்டிக். மிதிக்காமல் சும்மா உருளுகிற சைக்கிளின் ஃப்ரீவீல் சத்தம். அவள் நின்றாள். அதுவும் நின்றது. வாளித் தண்ணீர் மட்டும் இன்னும் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. நடையின் சுவரில் இரண்டு கொக்கிகள். ஒன்றில் அவள் சைக்கிள். மற்றதில் அவனுடையது, பின்சக்கரம் இல்லாமல், காலொடிந்த நாற்காலி மாதிரி. கோணிப்போன அந்தச் சக்கரம் பழுது பார்க்கிற கடையில் கிடந்தது. அவள் தன் சைக்கிளின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று, அசையாமல் இருந்தது.

"என்ன, நடுவழியில நின்னுட்ட? பஞ்சரா?" கட்டிலில் இருந்து கணவன் குரல் கொடுத்தான். கையைத் தூளியில் போட்டு, தலையணையை முட்டுக் கொடுத்துச் சாய்ந்திருந்தான்.

"ஏதோ சத்தம் கேட்டுச்சுங்க. எலி போல."

"எலியா? அதுக்கும் சேர்த்து சோறு வச்சிராத. இருக்கறது ஒரு ஆள் சம்பளம்."

அவன் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. வாரம் பூராவும் அவன் முட்டிபோட்டே கிடப்பான். அவள் ஈரத்துணி மூட்டைகளை வண்டியில் தள்ளித் தள்ளிக் குனிந்தே போவாள். ஞாயிற்றுக்கிழமை மலையேறினால்தான் இருவருக்கும் முதுகு நிமிரும். பழைய சைக்கிள்களை வாங்கி, பாகம் பாகமாக மாற்றி, குட்டிக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவி வைத்திருந்தார்கள். "பிள்ளையைப் பெத்துக்கங்கடீன்னா, ரெண்டும் சைக்கிளைப் பெத்து வச்சிருக்குதுங்க" என்று அவள் அக்கா வருகிறபோதெல்லாம் நொடிப்பாள். பந்தயங்களுக்கும் போவார்கள். பரிசு வாங்கியதில்லை. ஆனால் ஜோடியாக இறங்குவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேர் இருந்தது.

கடைசியாக நடந்தது அந்த மாதிரி ஒரு ஜோடிப் பந்தயம்தான். அன்றைக்கு அவள் முன்னால். மழை விட்டு மண் ஊறிக் கிடந்தது. மக்கிய இலை வாடை மூக்கில் ஏறியது. பாதி வழியில் இருக்கிற வழுக்குப்பாறையைத் தாண்டியபோது பின்னால் எதுவோ தொப்பென்று விழுந்த மாதிரி இருந்தது.

"பள்ளம்!" என்று கத்தினாள்.

பதில் இல்லை. விரல் பிரேக்கைத் தொட்டுவிட்டது. அப்போதுதான் வந்தது.

"வந்துட்டேன்!"

கூடவே டிக்டிக்டிக் என்று, கிட்டத்தில். விரலை எடுத்தாள். அதற்குப் பிறகு கடைசிவரை ஒரு பதில்கூடத் தவறவில்லை. எல்லாம் ஒரே மாதிரி. அவ்வளவு குலுங்குகிற இறக்கத்தில் மூச்சே வாங்காத குரல். அப்போது அவள் அதை யோசிக்கவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டி, கால் ஊன்றி, சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

யாரும் இல்லை.

அவன் பாறைக்குக் கீழே தோள்பட்டை எலும்பு முறிந்து கிடந்தான். ஆட்கள் ஏறிப் போய்த் தூக்கி வர வெகுநேரம் ஆனது. கடைசி வளைவில் கொடி பிடித்து நின்றவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டுத்தானம்மா போனீங்க. அவரு தலையைக் கவுத்துக்கிட்டுப் போனாரு, மூஞ்சிதான் தெரியல."

"நில்லு, நில்லுன்னு தொண்டை கிழியக் கத்தினேன். நீ காதுலயே வாங்கல" என்றான் கணவன், ஆஸ்பத்திரியில், சிரித்துக்கொண்டுதான். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு முள்ளாகத் தங்கிவிட்டது. அவனை விட்டுவிட்டு, எதையோ கூட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். அதை எப்படிச் சொல்வது? சொன்னால் தப்பிக்கப் பொய் சொல்வதாக ஆகிவிடாதா?

சத்தம் வீட்டோடு நிற்கவில்லை. சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில். ஆவியும் சோடாத்தூள் நெடியும், இயந்திரங்கள் கடகடவென்று உருட்டுகிற இரைச்சலும் எந்நேரமும் இருக்கும். அங்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு கதவுப் பக்கம் வந்தவள், பழக்க தோஷத்தில், "படி!" என்று சத்தம் கொடுத்தாள்.

"வந்துட்டேன்" என்று பின்னால் பதில் வந்தது.

இயந்திரம் ஓட்டுகிற அக்காவாக இருக்கும் என்று நினைத்தாள். அந்த அக்கா எதிரே மேசையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்டடி பேசற? புருஷனை மூட்டையில கட்டி வேலைக்கே கூட்டிட்டு வந்துட்டியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை. சோடாத்தூள் நெடியைப் பிளந்துகொண்டு, பிடரிக்குப் பின்னாலிருந்து, மக்கிய இலை வாடை வந்தது. அவள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று உடம்பு அவ்வளவு காலமாகப் பழகியிருந்தது.

அதே வாரம், வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் கணவன் கதவைத் திறக்கிற ஓசை. "ஈரம், பாத்து!" என்றாள், யோசிக்காமல்.

"வந்துட்டேன்" என்றான் அவன், குளியலறையிலிருந்து.

"வந்துட்டேன்" என்றது, அவள் காதோரம்.

இரண்டும் ஒரே குரல். துடைக்கிற துணி கையிலிருந்து நழுவியது.

அன்றிலிருந்து அவள் எதற்கும் குரல் கொடுப்பதை விட்டாள். கணவனை முன்னால் விட்டுப் பின்னால் நடக்கப் பார்த்தாள். ஒண்டுக் குடித்தனக்காரி மாதிரி சுவரோரமாக நகர்ந்தாள். பின்னால் வந்துகொண்டிருந்ததற்குப் பொறுமை இல்லை. அவள் சமைத்தால் முதுகுக்குப் பின்னால் டிக்டிக் என்று முன்னும் பின்னும் உருளும், பிள்ளைகள் சைக்கிளில் ஏறி நின்ற இடத்திலேயே ஆட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. உட்கார்ந்தால் நிற்கும். எழுந்தால் தொடங்கும். தூக்கத்திலும் கால் மிதித்தது. விழித்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்திருந்தது.

அவன் எலும்பு கூடிவந்தது. கூடின இடத்தில், இடது தோளுக்கு மேலே, கோலிக்குண்டு அளவுக்கு ஒரு முடிச்சு. தினமும் தைலம் தேய்த்துத் தேய்த்து அந்த முடிச்சை அவள் விரல் மனப்பாடம் செய்திருந்தது. சக்கரமும் கடையிலிருந்து வந்து சைக்கிளில் ஏறியது.

"டாக்டர் சரின்னுட்டாரு. ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறோம்" என்றான் அவன், முகமெல்லாம் பல்லாக. "என் முறை. ஞாபகம் இருக்கில்ல மகாராணி? எனக்கு நீ ஒண்ணு பாக்கி."

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் அந்தச் சத்தம் வெறிபிடித்த மாதிரி சுழன்றது. சுவரில் தொங்கிய சக்கரங்கள் அசையவில்லை. அவன் ஒன்றும் கேட்காதவனாகச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாக்கி அவனுக்கு இல்லை. அவன் பாதி வழியில் விழுந்துவிட்டான். கடைசிவரை பின்னால் வந்தது அவனில்லை. கூப்பிட்டதற்கெல்லாம் பதில் சொன்னதும் அவனில்லை. வழக்கப்படி அடுத்த முறை யாருடையது? ஞாயிற்றுக்கிழமை கணவன் அந்த முறையை எடுத்துக்கொண்டால், இந்தத் தடவை வழுக்குப்பாறையில் எலும்பு முறிவதோடு நிற்குமா? அவனை இன்னொரு தடவை விட்டுவிட்டு வர அவளால் முடியாது.

சனிக்கிழமை, சாப்பிட்டுவிட்டு அவன் கண்ணயர்ந்ததும், அவள் தன் சைக்கிளைக் கொக்கியிலிருந்து இறக்கினாள். தெருவெல்லாம் கூடவே வந்தது, டிக்டிக்டிக் என்று.

மலை உச்சியில் நல்ல பகலிலும் பனி இறங்கியிருந்தது. மரங்களின் அடி மட்டும் தெரிந்தது. இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தவிர ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. அவள் சைக்கிளைப் பாதையோரம் ஒதுக்கி நின்றாள்.

"போ" என்றாள். "உன் முறைதான். முன்னால போ. இதோட முடிச்சுக்க."

பிறகு அது நகர்ந்தது. மெதுவாக, இடப்பக்கமாக, அவள் சட்டைக்கையை உரசிக்கொண்டு, மக்கிய இலை வாடையோடு கடந்து போனது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஈர மண்ணில், அவளுக்கு முன்னால், டயர் தடம் ஒன்று தானாக விழுந்துகொண்டே போனது.

அவள் பின்னால் இறங்கினாள்.

"வேர்!" என்றது. கணவனின் குரல்.

"வந்துட்டேன்" என்றாள்.

"கல்!"

"வந்துட்டேன்."

ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. வேர் இருந்த இடத்தில் வேர் இருந்தது. கல் இருந்த இடத்தில் கல். பனி விலகிய இடங்களில், தடத்துக்கு மேலே, கறுப்பாக ஏதோ திரண்டுகொண்டு வந்தது. ஒவ்வொரு தடவை அவள் பதில் சொல்லும்போதும் இன்னும் கொஞ்சம். முதலில் நிழல் மாதிரி. பிறகு முதுகு மாதிரி.

வழுக்குப்பாறை வந்தது.

"நில்லு!" என்று கதறியது. "நில்லு! நில்லு!"

வலியில் கிழிந்த குரல். அன்றைக்கு அவன் கத்தியது இப்படித்தான் இருந்திருக்கும். அவள் காதில் விழாததை அது பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறது. கேட்டு, வைத்துக்கொண்டிருக்கிறது.

அவள் நிற்கவில்லை. கண்ணீரில் பாதை கலங்கியது.

"வந்துட்டேன்" என்றாள்.

அடிவாரத்தில் பனி தீர்ந்தது. முன்னால் யாரும் இல்லை. தார் ரோட்டில் ஒரு சேற்றுக் கோடு மட்டும் கொஞ்ச தூரம், அவர்கள் தெருப் பக்கமாகப் போய், காய்ந்து மறைந்திருந்தது. அவள் நின்று கேட்டாள். சைக்கிளைத் தள்ளிப் பார்த்தாள். அவள் சக்கரத்தின் சத்தம் மட்டும்தான். பின்னால் எதுவும் இல்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு பிடரி லேசாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆசை தீரத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. சைக்கிளைக் கொக்கியில் மாட்டினாள். பக்கத்துக் கொக்கி காலியாக இருந்தது. நாளைக்குப் போக வேண்டுமே, கழுவக் கொல்லைக்குக் கொண்டு போயிருப்பான்.

"வந்துட்டியா?" சமையலறையிலிருந்து அவன் குரல்.

"வந்துட்டேங்க."

அவன் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தான், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அடுப்பு எரியவில்லை. அவள் பின்னால் போய், களைப்பெல்லாம் சேர்ந்து இறங்க, அந்த முதுகில் நெற்றியை வைத்தாள். கை தானாக இடது தோளுக்குப் போனது. விரல் முடிச்சைத் தேடியது.

இல்லை.

மறுபடி தடவினாள். வழவழவென்று இருந்தது. உடையாத எலும்பு. சட்டை நனைந்து ஜில்லிட்டிருந்தது. மக்கிய இலை வாடை.

"பாக்கி தீர்ந்துச்சு" என்றது. மூச்சு வாங்காத குரல்.

வாசலில் பிரேக் கிறீச்சிட்டது. சைக்கிளைச் சுவரில் சாய்க்கிற ஓசை. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு கணவன் கத்தினான். "எங்கடி போய்த் தொலைஞ்ச? உன் சைக்கிளைக் காணோம்னு மலை வரைக்கும் தேடிட்டு வரேன்! உள்ள இருக்கியா?"

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கத்த வேண்டிய வார்த்தை எதுவோ, அதைக் காணோம்.

அது திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, தலையைக் கவிழ்த்தபடியே, வாசலுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தது. அவளுடைய குரலில்.

"உள்ளதாங்க இருக்கேன். வாங்க."

"வந்துட்டேன்!" என்று படியேறினான் அவன்.