துடைப்பம் பிடித்த பிணம்

போன் அலறியது.

பாதி குடித்த டீயை வைத்துவிட்டு எடுத்தாள் டெண்டர் மேடம்.

"மேடம்... புது நூலகக் கட்டடத்து வாட்ச்மேன் பேசறேன்... மொட்டைமாடியில ஒருத்தன் செத்துக் கிடக்கறான்!"

"விழுந்துட்டானா?"

"விழுந்தா கீழதானே மேடம் கிடப்பான்? இவன் மேலயே கிடக்கறான்... கையில துடைப்பத்தோட!"

அவள் நகரசபையின் கொள்முதல் அதிகாரி. ஊர்ப் பணத்தில் எந்தக் கட்டடம் எழும்பினாலும் டெண்டர் விடுவது அவள். காண்ட்ராக்டரைத் தேர்ந்தெடுப்பது அவள். ஒவ்வொரு தொழிலுக்கும் சட்டம் வைத்த கூலி, தொழிலாளி கைக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டியதும் அவள்தான்.

அன்று காலை அந்தக் கட்டடத்துக்கே போவதாக இருந்தாள். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, என்ன வேலை, என்ன கூலி என்று விசாரிக்க வேண்டிய நாள். வருவதாக முந்தின நாளே காண்ட்ராக்டருக்குச் சொல்லியிருந்தாள்.

மரியாதைக்குத்தான்!

சொல்லிவிட்டு வருகிற மாமியாருக்கு எந்த வீடும் சுத்தமாகத்தான் தெரியும்.

* * *

மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் குட்டை கட்டி நின்றது.

நடுவில் பிணம். முகத்தின் மேல் ஒரு சாக்கு. நெஞ்சோடு அணைத்தபடி துடைப்பம்.

"அச்!" தும்மினார் இன்ஸ்பெக்டர். "வாங்க மேடம். இவ்வளவு பாசமா துடைப்பத்தைப் பிடிச்சுக்கிட்டு செத்த ஆளை என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல."

பக்கத்தில் காண்ட்ராக்டர். சட்டை கசங்கவில்லை. முகம் கசங்கியிருந்தது.

"பெருக்குறவர் சார். பாவம், தண்ணியில ஏதோ வயர் கிடந்திருக்கு..."

"உள்ளங்கை கருகியிருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "துடைப்பத்துல கரண்ட் பாயுமா?"

"அ... அது..."

"விரலை ஒவ்வொண்ணா மடக்கி வச்சிருக்காங்க. செத்தப்புறம் இவருக்கு யாரோ வேலை மாத்தியிருக்காங்க!"

இன்ஸ்பெக்டர் சாக்கை விலக்கினார்.

டெண்டர் மேடம் குனிந்து பார்த்தாள்.

"ஐயோ...!"

அந்த அலறல் கீழே சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தவர்கள் வரை கேட்டது.

"தெரிஞ்சவரா மேடம்?"

"என்... என் தங்கச்சி வீட்டுக்காரரு...!"

காண்ட்ராக்டர் பின்வாங்கினார். "சத்தியமா எனக்குத் தெரியாது மேடம்! அவர் சொல்லவே இல்ல!"

அவளுக்கும் தெரியாது. ஏதோ தனியார் பட்டறையில் வேலை என்றுதான் சொல்லியிருந்தான். அவள் வீட்டு கேட்டைச் செய்து மாட்டிவிட்டு, அவள் கூலி கொடுத்தபோது, "அக்காகிட்ட கூலியா?" என்று சிரித்தபடி ஓடியவன். அந்தச் சிரிப்பு இனிமேல் இல்லை.

"இவர் பெருக்குறவர் இல்ல சார்! வெல்டர்! கைதேர்ந்த வெல்டர்!"

"பெருக்குறவர்தான் மேடம்!" காண்ட்ராக்டர் குரலை உயர்த்தினார். "சந்தேகமா இருந்தா அவர் சம்சாரத்தையே கேளுங்க!"

அதுவரை அக்கா கண்ணில் படாமல் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் உட்கார்ந்திருந்தாள் தங்கை. மடியில் திறக்காத சாப்பாட்டுத் தூக்கு. காலையில் கொண்டுவந்தவள்தான் பிணத்தை முதலில் பார்த்தவளும். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

இன்ஸ்பெக்டர் அவள் எதிரில் குந்தினார்.

"உன் வீட்டுக்காரர் என்ன வேலைம்மா பார்த்தாரு?"

"பெருக்குற வேலை சார்."

"ஏண்டி...!" பாய்ந்தாள் அக்கா. "எதுக்குடி பொய் சொல்றே? எவ்வளவு கொடுக்கறேன்னான் இந்த ஆளு?"

தங்கை தலை நிமிரவில்லை.

"யோசிச்சுச் சொல்லும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "வெல்டர்னா நஷ்டஈடு வெல்டர் கூலியை வச்சு வரும். பெருக்குறவர்னா அதுல பாதி கூட வராது. இந்த ஆளும் கையைத் தட்டிட்டுப் போயிடுவாரு."

"பெருக்குறவர்தான் சார்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். மூலையில் மூடிக் கிடந்த தார்ப்பாய்க்குள் கையை விட்டார்.

"அச்! ஜலதோஷம் எனக்கு... ஜுரம் தார்ப்பாய்க்கா?"

விலக்கினார்.

வெல்டிங் மெஷின்! இன்னும் சூடு ஆறவில்லை.

"வெல்டருக்குக் கையுறை கொடுக்கணும், ரப்பர் பூட்ஸ் கொடுக்கணும். பெருக்குறவருக்கு என்ன கொடுப்பீங்க காண்ட்ராக்டர் சார்?"

"து... துடைப்பம்..."

"அதான் ஈரத்துல வெறுங்காலோட நின்னு கம்பியைப் பத்த வச்சிருக்காரு. கூலியை மிச்சம் பிடிக்க வெல்டரைப் பெருக்குறவர்னு காட்டினீங்க. கையுறையும் மிச்சம். உயிரும் மிச்சம்னு நினைச்சீங்களா? கையில துடைப்பத்தைச் சொருகினதும் நீங்கதானே?"

"இல்ல சார்! நான் வரும்போதே அப்படித்தான் கிடந்தாரு!"

"ஆமா சார்," என்றார் வாட்ச்மேன். "இவர் எனக்கப்புறம்தான் மாடி ஏறினாரு. அந்தம்மாதான் எங்களுக்கு முன்னாடி..."



எல்லாக் கண்களும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பின.

"நான்தான் வச்சேன்," என்றாள் தங்கை.

"நீயா...?"

"ஸ்விட்சை அணைச்சேன். அவர் கையில இருந்ததை எடுத்தேன். மெஷினைத் தார்ப்பாயால மூடிட்டு, துடைப்பத்தை வச்சேன்."

"ஏண்டி...? பைத்தியமாடி உனக்கு?"

தங்கை முதல் தடவையாக நிமிர்ந்தாள்.

"உனக்காகத்தான் அக்கா."

"எனக்காகவா...?" குனிந்தாள் அக்கா.

"எங்கயும் வேலை கிடைக்கலக்கா. உன் பேரைச் சொன்னா உனக்குக் கெட்ட பேருன்னு சொல்லாமலே இங்க சேர்ந்தாரு. நேத்து சாப்பிடும்போது சொன்னாரு... 'நாளைக்கு அக்கா வர்றாங்களாம். நான் வெல்டிங் பண்றதைப் பார்த்தா சும்மா விட மாட்டாங்க. பெருக்குறவர் கூலிக்கு வெல்டிங்னு எழுதிடுவாங்க. விசாரணை வரும். டெண்டர் கொடுத்தது அக்கா, வேலை செய்யறது தங்கச்சி புருஷன்... அவங்க தலைதான் உருளும். கம்பி வேலையை முன்னாடியே முடிச்சிடறேன். அக்கா வர்றப்ப துடைப்பத்தோட நிக்கறேன்'னாரு..."

அவள் குரல் உடைந்தது.

"வந்து பார்த்தேன். மூச்சு இல்ல. அவர் சொன்ன மாதிரி நிக்க வைக்கத்தான் முடியலக்கா... படுக்க வச்சேன்."

டெண்டர் மேடம் ஈரத்திலேயே உட்கார்ந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள். இந்த டெண்டரை முடித்த அன்று அலுவலகமே கைதட்டியது. இருப்பதிலேயே மலிவான தொகை! ஊருக்கு இவ்வளவு லாபம்! இந்தத் தொகையில் நியாயமான கூலி எப்படிக் கட்டுப்படியாகும் என்று அவளுக்கு அன்றைக்கே உறுத்தியது. கைதட்டல் சத்தத்தில் அவள் கேட்காமல் விட்டுவிட்டாள்.

"அப்படியே இருக்கட்டும்க்கா," காதருகே கெஞ்சினாள் தங்கை. "அவர்தான் போயிட்டாரு. உன் வேலையாவது மிஞ்சட்டும்."

அக்கா தங்கையின் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு எழுந்தாள்.

"சார்... எழுதிக்குங்க. செத்தவர் வெல்டர். இந்தத் தொகையில கூலி கொடுக்க முடியாதுன்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டது நான். வர்றேன்னு முன்கூட்டியே துப்பு கொடுத்ததும் நான்."

"மேடம்... உங்களை நீங்களே மாட்டி விடறீங்க. வேலை போயிடும்!"

"போறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கு."

போனை எடுத்தாள்.

"அக்கவுண்ட்ஸா? நூலகக் கட்டட பில்லை நிறுத்துங்க. காண்ட்ராக்டருக்கு ஒரு காசு போகக் கூடாது. ஆளுங்களுக்கு என்ன வேலைக்கு என்ன கூலியோ, அதை முதல்ல நேரா அவங்ககிட்ட கொடுங்க... ஆமா, நான்தான் சொல்றேன். இன்னைக்கு வரைக்கும் நான்தானே அதிகாரி!"

தங்கை அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். தூக்கு உருண்டு, அவனுக்காகச் சமைத்த சோறு தண்ணீரில் கொட்டியது. யாரும் எடுக்கப் போகவில்லை.

காண்ட்ராக்டரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

"சார்... எனக்குக் கஷ்டப்பட்டு வேலை செஞ்சு பழக்கமில்ல..." மூக்கால் அழுதார். "ஜெயில்ல என்ன வேலை சார் கொடுப்பாங்க?"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

"வெல்டிங் பட்டறை இருக்கு, உங்களை அங்க போடச் சொல்றேன்... ஆனா கூலி மட்டும் பெருக்குறவர் கூலிதான்!"