காரணம் நானுங்க

ஏழாம் மாடியில் ஆறுதலகத்தின் கதவு திறப்பதற்கு முன்பே வரிசை லிஃப்ட் வரைக்கும் வந்துவிடும். வெயில் ஏறினால் வராந்தாவின் குளிர்காற்றை நிறுத்திவிடுவார்கள் என்பதால், துக்கப்பட்டவர்கள் எல்லோரும் விடிந்ததும் வந்து நின்றுவிடுவது அந்த அடுக்ககத்தின் வழக்கம். அன்றும் வஞ்சிக்கொடி நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்தாள் என்பதைவிட, கணவன் நாச்சிமுத்துவின் தோளில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தாள் என்று சொல்லலாம்.

"வணக்கம். காரணம்?" என்று கதவின் குரல் வரிசையில் முதலில் நின்ற பெண்ணைக் கேட்டது.

"மாமியார் தவறிட்டாங்க."

"சாட்சி?"

"என்ற கொழுந்தனாருங்க. இதோ நிக்கறாரு."

குரல் ஒரு கணம் ஊரின் பதிவுகளைத் தேடிப் பார்த்தது. கதவு திறந்தது.

"மாமியா போனதுக்கு இவளுக்கு ஆறுதல் வேற வேணுமாக்கு? இனிப்பு வாங்கிக் கொடுத்திருக்கோணும்" என்றாள் பின்னாலிருந்த பக்கத்து வீட்டு மயிலாத்தா. வரிசை சிரித்தது. வஞ்சிக்கும் அது சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்புதான் முகத்துக்கு வரவில்லை.

அவள் முறை வந்தது.

"வணக்கம். காரணம்?"

"தெரியலீங்க."

"தெரியவில்லை என்பது காரணம் ஆகாது. யோசித்துவிட்டு வாருங்கள்."

இதே பதிலை இதற்கு முன்னும் வாங்கியிருக்கிறாள். மழை பொய்த்து, ஊர் ஊராக ஜனங்கள் இந்த அடுக்ககங்களுக்கு ஏறிவந்த காலத்தில், அழாதவர் யாரும் இல்லை. மருந்தும் போதவில்லை, மருத்துவர்களும் போதவில்லை. அப்போது வந்த விதி இது: துயரத்துக்குக் காரணம் வேண்டும், காரணத்துக்குச் சாட்சி வேண்டும். சாவு, பிரிவு, வேலை போனது, பயிர் போனது எல்லாவற்றையும் ஆறுதலகம் சரிபார்த்துவிடும். பொய் செல்லாது.

"உனக்கென்ன கொறச்சல் அம்மிணி?" என்று மயிலாத்தா திரும்பும் வழியில் கேட்டாள். "தங்கமாட்ட புருசன். வீட்ல உக்காந்து தறியை மேய்க்கிற வேலை. எனக்கு வாச்சவனாட்ட ஒருத்தனுக்கு வாக்கப்பட்டிருந்தீன்னா உனக்குக் காரணம் கேட்டப்பெல்லாம் கெடச்சிருக்கும்."

வஞ்சி தலையாட்டினாள். எல்லாம் உண்மை. அதுதான் கஷ்டமே.

வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டாள். தூங்குவதற்கில்லை, தூக்கம் போய் நெடுநாளாகிறது. எழுந்து நிற்க முடியாததால் படுப்பது. தறி இயந்திரங்கள் திரையில் சிவப்பு காட்டினால் ஒரு விரலால் தொட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த விரலைத் தூக்குவது கல்லைத் தூக்குவதுபோல் இருந்தது. பிடித்த கம்பங்கூழ் வாயில் மண்ணாக இருந்தது. தலை சீவாமல் முடி சடை பிடித்துப் போயிருந்தது.

நாச்சிமுத்து தேங்காயெண்ணெயை எடுத்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். முறுக்கிக்கொண்ட கம்பிகளைப் பிரிக்கும் பொறுமை அந்தக் கைகளுக்கு உண்டு.

"நம்ம பூனை செத்துப்போச்சுன்னு சொல்லலாமா கண்ணு?"

"நமக்குப் பூனையே இல்லீங் மாமா."

"ஒண்ணு வாங்கி..."

"பாவம், அது என்ன பண்ணுச்சு."

அவன் சிரித்தான். ஒரு சிக்கைப் பிரித்துவிட்டு அடுத்ததற்குப் போனான். வஞ்சி சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"மாமா. நாளைக்கு எந்திரிக்காமயே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுதுங்க. சும்மா, பால் வாங்கோணும்னு தோணுற மாதிரி தோணுது. பயமே வர்றதில்ல."

எண்ணெய்க் கைகள் நின்றுவிட்டன.

"எத்தனை தடவை தோணுச்சு?"

"தோணாத நேரத்தைக் கேளுங்க."

மறுநாள் விடிந்ததும் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு மறுபடி ஏழாம் மாடிக்குப் போனான். எதற்கு என்று கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

"வணக்கம். காரணம்?"

வஞ்சி வாய் திறப்பதற்குள் நாச்சிமுத்து முன்னால் வந்தான்.

"காரணம் நானுங்க. இவ மேல கை நீட்டுறவன்."

வரிசையில் பேச்சு அடங்கியது.

"எவ்வளவு காலமாக?"

"கலியாணம் ஆனதிலிருந்து."

நாலு சுவருக்குள் விழும் அடிக்கு எந்தப் பதிவிலும் தடமில்லை. ஆனால் அதைச் சரிபார்க்க வேண்டியதில்லை என்பது ஆறுதலகத்தின் கணக்கு. தன் மேலேயே பொய்ப் பழி போட்டுக்கொள்ள யார் வருவார்கள்? வஞ்சி 'இல்லை' என்று சொல்ல நினைத்தாள். அந்த ஒரு சொல் அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை வரை வருவதற்குள் கதவு திறந்துவிட்டது. அவளுக்கு ஒரு கதவு. பக்கவாட்டில், அதுவரை சுவர் என்றே எல்லோரும் நினைத்திருந்த இடத்தில், அவனுக்கு இன்னொரு கதவு; துயரத்துக்குக் காரணமானவர்களை ஒதுக்கி வைக்கும் விலகிடத்துக்குப் போவது.

"இத்தனை நாளா நல்லவனாட்ட நடிச்சிருக்கான் பாரு" என்று மயிலாத்தா சொன்னது இருவர் காதிலும் விழுந்தது.

உள்ளே டாக்டர் ஃபர்சானா இருந்தார், உண்மையான மனிதர். ரத்தம் எடுத்தார். நிறையக் கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார்.

"உடம்புல ஒரு தழும்புகூட இல்லையேம்மா. அவர் அடிச்சாரா?"

"இல்லீங்க." அந்தச் சொல் இப்போதுதான் வந்து சேர்ந்தது. "எங்கம்மா இப்படித்தான் மாசக்கணக்குல சொவத்தைப் பார்த்துப் படுத்திருப்பாங்க. திமிருன்னு சொன்னாங்க எல்லாரும்."

"திமிர் இல்லை. சோம்பலும் இல்லை. இது மனச்சோர்வு நோய். சாவு, இழப்பு பார்த்தும் வரும், ரத்தவழியில வரும், உடம்புச் சுரப்பி கெட்டாலும் வரும், ஒண்ணுமே இல்லாமலும் வரும். ரெண்டு வாரம் விடாம இருந்தாலே வந்திருக்கணும். செத்துடலாம்னு தோணின அன்னிக்கே ஓடி வந்திருக்கணும்."

"வந்தனுங்களே. கதவுதான் திறக்கலை."

டாக்டர் தலை குனிந்தார். "கதவு என் கையில இல்லைம்மா."

மருந்து மெல்லத்தான் வேலை செய்தது. முதலில் தூக்கம் வந்தது. பிறகு ஒருநாள் பசித்தது. வாரந்தோறும் டாக்டரிடம் உட்கார்ந்து பேசினாள். ஒரு காலையில் மயிலாத்தா வீட்டுத் தாளிப்பு வாசம் வந்தபோது, அட, கடுகைக் கருக விட்டுட்டாள் என்று தோன்றியது. அப்படி ஒன்றுமில்லாத விஷயம் தோன்றியதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தானே தலை சீவிக்கொண்டு ஏழாம் மாடிக்குப் போனாள். உரக்கவே பேசினாள்.

"என்ற வீட்டுக்காரர் சொன்னது பொய்யிங்க. எனக்காகச் சொன்னது. அவரைத் திருப்பி அனுப்புங்க."

"அவர் விலகிடம் சென்ற நாளிலிருந்து உங்கள் தூக்கம், பசி, குரல் அனைத்தும் சீராகி வருகின்றன" என்றது குரல், கனிவாகவே. "நீங்கள் தேறியதே சாட்சி."

"அது மருந்துங்க!"

"காரணம் நீங்கியதால் மருந்து பலித்தது. நலமாக இருங்கள்."

அவன் அடிக்கவில்லை என்று டாக்டரும் எழுதிக் கொடுத்தார். ஒப்புக்கொள்ளப்பட்ட காரணத்தை மாற்ற வழியில்லை என்று பதில் வந்தது. மயிலாத்தா வேறு வழிமறித்து, "மூஞ்சியில என்ன களை பாரு! அந்தப் பாவி போனதும் நீ பொழச்சுக்கிட்ட" என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

விலகிடத்திலிருந்து வாரம் ஒருமுறை பேசலாம். அழைப்பு வந்தபோது வஞ்சியின் உள்ளங்கையில் அன்றைய மாத்திரை இருந்தது.

"சாப்பிட்டியா கண்ணு?"

"சாப்பிட்டனுங்க. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்."

"அட்றா சக்கை!"

"மாமா, நான் ஒண்ணு கேக்கறேன். இந்த மாத்திரையை நிறுத்திட்டேன்னு வைங்க. நீங்க இல்லாதப்பவும் நான் படுத்துக்கிட்டா, நீங்க காரணமில்லைன்னு அந்தக் கதவுக்குத் தெரிஞ்சிருமில்ல?"

மறுமுனையில் எங்கோ ஒரு பாத்திரம் உருண்டது. யாரோ இருமினார்கள்.

"இன்னிக்குப் போட்டுட்டியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"வஞ்சி. போட்டுட்டியா?"

"நான் தேறத் தேற உங்க மேல குத்தம் கெட்டியாகுதுங் மாமா."

"ஆயிட்டுப் போகுது." அவன் குரல் களைத்திருந்தது. "இங்கயும் லிஃப்ட் ஒண்ணு ஓடாமக் கெடந்துச்சு. நான்தான் ஓட்டி விட்டேன். அதுக்காகத் தயிர் ஒரு கரண்டி சேர்த்து ஊத்தறாங்க. எனக்கென்ன? தண்ணி பக்கத்துல இருக்குதா?"

"இருக்குது."

"எனக்குக் கேக்கற மாதிரி முழுங்கு."

அவள் மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டாள். தம்ளரைத் தூக்கி, ஃபோனைத் தொண்டைக்கு அருகில் பிடித்து, மடக் மடக்கென்று மாத்திரையோடு கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.