இடது பெஞ்சின் பதில்

மாலை ஆறு மணி ஜெபத்துக்கு மறுவரி சொன்ன குரல் மதிலுக்கு அப்புறத்திலிருந்து வரவில்லை, தன் வீட்டு மாடியிலிருந்து வருகிறது என்பது வெங்கிடராமனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பூட்டிக் கிடந்த கிடங்குகளிலிருந்து வரும் சுக்கு மணமும், வீட்டுக்குள் அவரே தெளித்த டெட்டால் மணமும், நான்கு நாளாக ஜன்னல் திறக்காத கூடத்தின் புழுக்கமும் ஒன்றாய்க் கலந்து மூக்கில் நின்றன. தானே போட்ட சாயா வாயில் வைக்க விளங்கவில்லை. மேலே அந்தக் குரல் ஒரு வரி சொன்னது. பக்கத்துக் கன்னியர் மடத்திலிருந்து சிஸ்டர் அமுதவள்ளி அடுத்த வரி சொன்னாள். மறுபடியும் மேலே.

“நீலா!” என்று மாடிப்படிக்குக் கீழே நின்று கத்தினார். “கோவிட் வந்து படுத்திருக்கச்சே உனக்குக் கிறிஸ்தவ வேதத்துல சேரணும்னு தோணித்தாக்கும்!”

ஜெபம் மட்டும் நடந்தது.

கோபமாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். இருக்கட்டும். பதினோரு வருஷமாக மாடியில் துணி உலர்த்தும்போதெல்லாம் அந்த மடத்து ஜெபத்தைக் கேட்டுக் கேட்டு அவர் மனைவி நீலாம்பாளுக்கு அது மனப்பாடம். அவளுடைய ஜன்னலும் மடத்துச் சிற்றாலயத்து ஜன்னலும் மதிலுக்கு மேலே நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளே வலது பெஞ்சில் அமுதவள்ளி ஒரு வரி சொல்வாள். இடது பெஞ்சிலிருந்து மற்ற மூன்று சிஸ்டர்கள் மறுவரி சொல்வார்கள். நான்கு பெண்கள், ஒரு நாளைக்கு மூன்று தடவை, வேறு வேலை இல்லாத மாதிரி.

வேறு வேலை இருந்ததுதான் அவருக்கு ஆகவில்லை. லாக்டவுன் வந்ததும் மூட்டை தூக்கும் வேலை போன சுமட்டுக்காரர்களும், கூலி வேலைக்கு வந்து ஊர் போக முடியாத வங்காளத்துப் பாயிகளும் தினம் மத்தியானம் மடத்து வாசலில் வரிசை கட்டினார்கள். வரிசையின் வால் அவர் கேட் வரை நீண்டது. வாடகை கொடுக்காத குடும்பத்தை வீட்டுக்காரன் வெளியே தள்ளினால் இந்த அமுதவள்ளி போய் வாசலில் உட்கார்ந்துகொள்வாள். அன்னதானமும் போராட்டமும்! எல்லாம் போட்டோவுக்கு என்று அவர் எல்லாரிடமும் சொன்னார். ஒருநாள் கேட்டைத் திறந்து விரட்டப் போனபோது, ஒச்சப்பன் என்ற சுமட்டுக்காரன், “மாமா, கோபிக்க வேண்டா. சாம்பார் இருக்கு, ஒரு தட்டு எடுத்துட்டு வரிசையில நில்லுங்க” என்று சொல்ல, வரிசையே சிரித்தது. அன்று சாயங்காலமே அவர் போலீசுக்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்தார். அதோடு வரிசை நின்றுபோனது. போன வாரம் இடது பெஞ்சின் மூன்று சிஸ்டர்களையும் ஒரே ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். மூவருமே உயிரோடு திரும்பவில்லை. ஊரார் வியாதியையெல்லாம் வாங்கினால் வேறென்ன கிடைக்கும் என்று வெங்கிடராமன் கை கழுவிக்கொண்டார். அவர் எப்போதும் நன்றாகத்தான் கை கழுவுவார்.

அன்று மத்தியானம்கூட அமுதவள்ளி முகக்கவசமும் கையுறையுமாக மதிலருகே வந்து நின்றிருந்தாள். கையில் ஒரு சின்னப் பெட்டி.

“மாமி ராத்திரி முழுக்க இருமினாங்க சார். எங்க ஜன்னல்ல கேட்டுச்சு. இது ஆக்ஸிஜன் அளவு பார்க்குறது, விரல்ல மாட்டிப் பாருங்க. தொண்ணூத்திநாலுக்குக் கீழ போச்சுன்னா என்னைக் கூப்பிடுங்க, ஆக்ஸிஜன் ஏற்பாடு பண்ணலாம்.”

“எத்தனை பேர் விரல்ல மாட்டினது இது?”

“நிறைய பேர். துடைச்சிருக்கேன்.”

“கண்டவன் விரல் பட்டதை எங்காத்துக்குள்ளே கொண்டுவரணுமாக்கும். மூணு பேரை அனுப்பிச்சாச்சு. போராதா உனக்கு?”

அவள் பெட்டியை மதில்மேல் வைத்தாள். பிறகு சொன்னாள்: “என்னைத் திட்ட உங்களுக்கு மூச்சு இருக்கு சார். திட்டுங்க. மாமிக்கு இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.”

மதில்மேல் அவள் வைத்துவிட்டுப் போன பெட்டியை அவர் குடை நுனியால் தள்ளினார். அது அந்தப் பக்கம் சேற்றில் விழுந்தது.

இரவு எட்டு மணிக்கு ஆலுவாவிலிருந்து மகள் ஸுப்ரியா கூப்பிட்டாள்.

“அப்பா, அம்மா போனே எடுக்க மாட்டேங்கறா. மத்தியானத்துலேர்ந்து அடிச்சிண்டிருக்கேன்.”

“சார்ஜ் போயிருக்கும்.”

“மேலே போய்ப் பார்த்தேளா?”

“எனக்கு ஷுகர் இருக்குடி. நானும் படுத்துண்டா யார் கஞ்சி வெப்பா? ஆறாவது படியிலே வெச்சுட்டு வரேன். வேணுங்கறப்போ வந்து எடுத்துப்பா.”

“எடுத்துண்டாளா?”

அவர் படியை எட்டிப் பார்க்கவில்லை. “சாயங்காலம் அரைமணி நேரம் நிறுத்தாம ஜெபம் சொன்னாடி உங்கம்மா. என் காதாலே கேட்டேன். மூச்சு முட்டறவள் பாடுவாளா?”

“அம்மாவா? அவளுக்கு ரெண்டு வார்த்தை சேர்ந்து பேச முடியலையேப்பா நேத்து.”

“இன்னிக்கு முடியறது. தேறிண்டு வரா. நீ பயந்து என்னையும் பயமுறுத்தாதே.”

போனை வைத்தபின் அவர் வெகுநேரம் தூங்கவில்லை. மாடியில் இருமல் இல்லை. மூன்று இரவாக அவரைத் தூங்கவிடாத இருமல். நல்லதுதானே, நின்றுவிட்டது. ஓட்டின்மேல் மழை விழும் சத்தம், எங்கோ ஒரு தகரம் அடித்துக்கொள்ளும் சத்தம், ஃபிரிட்ஜின் உறுமல், இவற்றுக்கு நடுவே மேலேயிருந்து ஒரு கட்டில் கிரீச்சாவது வரும் என்று காது கொடுத்துக் காத்திருந்தார். வரவில்லை. மனுஷி அயர்ந்து தூங்குகிறாள் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பெண்டாட்டியைப் பார்க்கப் பத்தொன்பது படி ஏற வேண்டும். பத்தொன்பது படி.

காலை ஆறு மணிக்கு மடத்து மணி அடித்தது. அமுதவள்ளி ஒரு வரி சொன்னாள். மாடியிலிருந்து மறுவரி வந்தது. வெங்கிடராமன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். இருக்கிறாள். சொன்னேனே.

பிறகுதான் கவனித்துக் கேட்டார்.

குரல் நீளமாக, சமமாக இருந்தது. வரி முடிகிற இடத்தில் மூச்சு வாங்கவில்லை. வரி தொடங்கும் முன்பும் வாங்கவில்லை. கரகரப்பு இல்லை, கனைப்பு இல்லை. நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவளுடைய தொண்டை இல்லை அது. அந்தக் குரலுக்கு அடியில், தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல், இன்னொன்று கேட்டது. எதிரொலி. மழைநாளில் சுவர் ஈரமாக இருக்கும், எதிரொலிக்கும்.

படியருகே போனார். ஆறாவது படியில் நேற்று மத்தியானக் கஞ்சி இருந்தது. அதற்குப் பக்கத்தில், அதைப் பாராததுபோல் நேற்று ராத்திரி அவர் வைத்துவிட்டு வந்த கஞ்சி. இரண்டின்மேலும் ஏடு படிந்திருந்தது.

அவர் மேலே போகவில்லை. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மதிலருகே நின்று, தூறலில் நனைந்துகொண்டே கத்தினார்.

“சிஸ்டரே! நிறுத்து! என் பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை. அவளைப் போட்டு ஜெபம் சொல்ல வெச்சுண்டு!”

சிற்றாலயத்து ஜன்னலில் அமுதவள்ளி தெரிந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

“என்ன சார் சொல்றீங்க?”

“நீ ஒரு வரி சொல்றே, அவள் ஒரு வரி சொல்றாள். காது கேட்கலையா?”

“நான் தனியாத்தான் சொல்றேன் சார். எங்க வழக்கம் அது. அந்தப் பக்கத்துல ஆள் இல்லேன்னாலும் அவங்க வரிக்கு இடம் விட்டுட்டுத்தான் அடுத்ததைச் சொல்லணும். நான் நிறுத்துறப்போ இங்க மழைச் சத்தம்தான் கேக்குது.”

“பொய் சொல்லாதே. ஜன்னலுக்கு நேரேதானே நிக்கறே!”

“நேரேதான் நிக்கறேன். மாமி குரல் கேட்டா எனக்குச் சந்தோஷம்தானே சார்?” அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “நேத்து நீங்க பெட்டியைத் தள்ளினப்போ மாமி ஜன்னல்ல நின்னு பார்த்துட்டிருந்தாங்க. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாங்க. அப்படியே சரிஞ்சு உட்கார்ற மாதிரி இருந்துச்சு. படுக்கப் போறாங்கன்னு நினைச்சேன். ராத்திரியெல்லாம் லைட் எரியலை. சார், மேல போய்ப் பார்த்தீங்களா?”

அவர் திரும்பித் தன் மாடி ஜன்னலைப் பார்த்தார்.

“போங்க சார். ஓடுங்க! நான் ஆம்புலன்ஸுக்கு அடிக்கிறேன்.”

ஆறாவது படியில் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். அது உருண்டு கீழே போனது. பத்தாவது படி. முகக்கவசத்துக்குள் அவருடைய மூச்சே அவரைச் சுட்டது. பதினாலு. ஒரு மணம். விக்ஸ், காய்ச்சல் வேர்வை, அதற்கும் பின்னால் வேறொன்று. இனிப்பாக. பத்தொன்பது.

கதவு சாத்தியிருந்தது. பூட்டவில்லை.

“நீலா.”

தள்ளினார்.

ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை ஒரு பக்கம். போன் மடியில். விரல் நுனிகள் நாவல்பழ நிறம். கால்கள் மரப்பாச்சிப் பொம்மையைப் போல நேராக நீண்டிருந்தன. ஜன்னல் சட்டத்திலிருந்து எறும்புகள் வரிசையாக இறங்கி, தோளில் ஏறி, கழுத்தைச் சுற்றி, உதட்டோரத்தில் நுழைந்தன. மறு ஓரத்தில் வெளியே வந்தன.

நேற்று மத்தியானத்திலிருந்து.

அவர் வாசற்படியிலேயே நின்றார். உள்ளே ஓரடிகூட வைக்க முடியவில்லை. இப்போதும்.

எதிர் ஜன்னலில் அமுதவள்ளி போனைக் காதிலிருந்து எடுத்தாள். அவர் நிற்கும் நிலையைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். கண்ணை மூடி, அழுகையோடு, நீலாம்பாளுக்காக ஜெபத்தைத் தொடங்கினாள். ஒரு வரி. நிறுத்தினாள்.

மழை.

நீலாம்பாளின் தாடை இறங்கியது. மெதுவாக. எறும்பு வரிசை அறுந்தது.

மறுவரி வந்தது. ஒரு குரல் இல்லை. வயதான குரல் ஒன்று, மெல்லிய குரல் ஒன்று, மூக்கடைத்த குரல் ஒன்று. பதினோரு வருஷம் மதிலுக்கு அப்பாலிருந்து அவர் சபித்த மூன்று குரல்கள். நாலாவதாக, எல்லாவற்றுக்கும் கடைசியில், புதிதாகச் சேர்ந்தவள்போல் கொஞ்சம் தயங்கி, அவர் பெண்டாட்டியின் குரல். ஒரே வாயிலிருந்து.

வரி முடிந்தது. புடவைக்குக் கீழே நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. எதிர் ஜன்னலில் கண் மூடியவள் எதுவும் காதில் விழாதவளாய் தன் அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் அந்த வாய் மூடவில்லை. தங்கள் முறை வரும்வரை, திறந்தபடியே, கவனமாகக் காத்திருந்தது.