சரிந்த மரத்தின் புதுப் பாட்டுக்காரர்

“அது வெறும் மரம்தானே” என்று ஜதுர்ஷிகாவிடம் மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும். வயது பத்துதான். ஆனாலும் அவளுக்குக் கோபம் வந்தால் அப்பா பாலேந்திரா, “எனக்கு ஷிப்ட் கிடக்கு” என்று மெதுவாக நழுவிவிடுவார். அப்பா பஸ் ஓட்டுபவர். லீவு நாளிலும் அவருக்கு அந்த ஷிப்ட் இருக்கும்!

அந்த மரம் லண்டன் செவன் கிங்ஸில் அவர்கள் வீட்டுப் பின்வளவின் கோடியில் நின்றது. பெரிய சிக்கமோர் மரம். கூரையைவிட உயரம். வசந்தம் வந்தால் ஒவ்வொரு மாலையும் அதன் உச்சியில் ஒரு பிளாக்பேர்ட் வந்து உட்காரும். கறுத்த உடம்பு, மஞ்சள் அலகு. அது அவசரப்படாமல் பாடும். ஒரு வரி பாடும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு அடுத்த வரியைப் பாடும். ஜதுர்ஷிகா வீட்டுப்பாடத்தை மூடிவைத்துவிட்டு யன்னலில் போய் நிற்பாள்.

பெப்ரவரியில் ஒரு புயல் வந்தது. காலையில் எழுந்து பார்த்தால், மரம் வேலியை நசுக்கிக்கொண்டு வேரோடு சரிந்து கிடந்தது. மரம் வெட்டுகிறவர்கள் வந்து கிளைகளையும் அடிமரத்தையும் அறுத்து ஏற்றிப் போனார்கள். வேர்க்கட்டையை மட்டும் அசைக்க முடியவில்லை. மண்ணும் வேருமாக அது ஒரு சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் ஒரு பெரிய பள்ளம்.

அந்த வருடமும் வசந்தம் வந்தது. பாட்டுத்தான் வரவில்லை.

“யன்னலைப் பூட்டு பிள்ளை! ஹீட்டர் போட்டுக் கிடக்கு. செவன் கிங்ஸ் முழுக்க நாங்களோ சூடாக்கிறது?” என்று குசினியிலிருந்து அம்மா சிவமலர் சத்தம் போட்டார்.

“கொஞ்ச நேரம் அம்மா. இப்ப வந்தாலும் வரும்.”

“வந்து எங்கை இருக்கிறது? மரம் இல்லையே, ராசாத்தி.”

அம்மா அதை அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் கூடுதலாக வலித்தது. முன்பு இலைகள் நின்ற இடத்தில் இப்போது வெறும் வானம் தெரிந்தது. ஜதுர்ஷிகா அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டே யன்னலைப் பூட்டினாள்.

ஏப்ரலில் ஒரு காலை, வளவிலிருந்து படபடவென்று ஒரு சத்தம் கேட்டது. ஜதுர்ஷிகா செருப்பும் போடாமல் ஓடினாள். ஆனால் அது அவளுடைய பறவை இல்லை. இது யோசிப்பதே இல்லை. இருக்கிற பாட்டையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. ஆளையும் காணவில்லை. சத்தம் மட்டும்தான்.

“உன்னை ஆர் இஞ்சை கூப்பிட்டது? இது உன்ர இடமில்லை!” என்று அவள் கத்தினாள்.

சத்தம் சட்டென்று நின்றது. அவள் திரும்பி நடந்ததும் முன்னைவிடப் பலமாகத் தொடங்கியது. என்ன துணிச்சல் பாருங்கள்!

இதற்கிடையில் வளவிலும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அம்மா தினமும் காலையில் விளக்குமாறு எடுத்து வளவு முழுக்கக் கூட்டுவார். ஒரு சருகு கிடக்க விடமாட்டார். ஆனால் முதியோர் இல்லத்தில் அவருக்கு விடியற்காலை ஷிப்ட் வந்துவிட்டது. கோடி வரை போய்க் கூட்ட நேரமில்லை. மரம் இல்லாததால் அங்கே முதல்முறையாக நல்ல வெயில் விழுந்தது. மண்ணுக்குள் இத்தனை காலமும் யார் யார் தூங்கிக்கொண்டிருந்தார்களோ தெரியாது, எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பெயர் தெரியாத கீரை மாதிரிச் செடிகள், தொட்டால் அரிக்கும் செடிகள், முள்ளுக்கொடி, நீளத் தண்டில் ஊதாப் பூக்கள். வேர்க்கட்டையில் காது காதாகக் காளான் முளைத்தது. பட்டைக்குள் வண்டுகள் குடிவந்தன.

நடுவில் விரல் உயரத்தில் ஒரு கன்று. அதன் இலையைப் பார்த்ததும் ஜதுர்ஷிகா அப்படியே குந்திவிட்டாள். சிக்கமோர் இலை! விழுந்த மரத்தின் விதையே முளைத்திருந்தது.

“அப்பா, இது பெரிய மரமா வர எவ்வளவு காலம் எடுக்கும்?”

அப்பா கன்றைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். “உனக்கு என்ர வயசு வரட்டுமே” என்றார்.

அவ்வளவு காலம்! ஆனாலும் பரவாயில்லை. மரம் வந்தால் அதன் உச்சி வரும். உச்சி வந்தால் பறவையும் வரும். அவள் காத்திருப்பாள்.

ஜூன் மாதம் அம்மாவுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. அவர் கோடிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

“ஐயோ கடவுளே! செடி மண்டிப் பத்தை பிடிச்சுப்போச்சு. பாம்பு வரப்போகுது.”

“அம்மா, செவன் கிங்ஸில எங்கை பாம்பு?”

“பத்தை எண்டால் பாம்பு வரும். அதுக்கு லண்டன் எண்டு தெரியுமே?”

“அதுக்கு ஆர் விசா குடுக்கிறது?” என்றார் அப்பா. அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அவருக்கு உடனே ஷிப்ட் ஞாபகம் வந்தது.

அன்றே அம்மா ரதீசன் மாமாவுக்குப் போன் போட்டார். மாமா அப்பாவின் ஊர்க்காரர். வளவுகளுக்குக் கல் பதிப்பதுதான் அவருடைய வேலை. சனிக்கிழமை வந்து, வேர்க்கட்டையைக் கிண்டி எடுத்து, கோடி முழுவதும் கல் பதிப்பதாகப் பேச்சு முடிந்தது.

“கல்லுப் போட்டால் அங்கை ஒண்டும் வராதே அம்மா!”

“ஒண்டும் வரக்கூடாது எண்டுதான் போடுறது.”

ஜதுர்ஷிகா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். அம்மா அசையவில்லை.

சனிக்கிழமை காலை, கன்றையாவது காப்பாற்றுவோம் என்று ஒரு யோகட் டப்பாவோடு அவள் கோடிக்குப் போனாள். குனிந்து மண்ணைத் தோண்டத் தொடங்கினாள்.

“டிக்! டிக்! டிக்!”

யாரோ அவளைத் திட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தாள். முள்ளுக்கொடியில் ஒரு மண்ணிறக் குருவி. அப்பாவின் பெருவிரல் அளவுதான் இருக்கும். வாலைச் செங்குத்தாகத் தூக்கி வைத்திருந்தது. அலகில் ஒரு பச்சைப் புழு. விலகிப் போ, விலகிப் போ என்று அது துள்ளியது.

அவள் பின்வாங்கினாள். குருவி விர்ரென்று பறந்து வேர்க்கட்டைக்குள் நுழைந்தது. அங்கே வேர்களுக்கு நடுவே பாசியால் செய்த ஒரு பந்து. பந்தில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் மஞ்சள் வாய்கள்! வாய்கள் மட்டும்தான் தெரிந்தன. அத்தனையும் பசி, பசி என்று கத்தின.

குருவி வெளியே வந்தது. வேரின் மேல் ஏறி நின்று வாயைத் திறந்தது. படபடவென்று அதே பாட்டு!

“நீயோ?” என்றாள் ஜதுர்ஷிகா. இவ்வளவு சத்தமும் இந்த உடம்பிலிருந்தா வந்தது? இதையா அவள் போ, போ என்று விரட்டினாள்?

மரம் நின்றிருந்தால் இந்த வேரும் இந்தப் பத்தையும் இருந்திருக்காது. இந்தக் குருவியும் வந்திருக்காது. அவளுடைய பிளாக்பேர்டுக்கு உச்சி வேண்டும். இதற்கு வேர்தான் வேண்டும். அவள் டப்பாவைக் கீழே வைத்தாள்.

வாசலில் ஒரு வான் வண்டி வந்து நின்றது. ரதீசன் மாமா ஒரு சின்னக் கிண்டும் மிஷினை உருட்டிக்கொண்டு பின்வளவுக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. பெரிய கொட்டாவி ஒன்று விட்டார்.

“பிள்ளை நித்திரை கொள்ள விடுகுதில்லை அக்கா.”

“புதுப்பிள்ளை அப்பிடித்தான்,” என்று அம்மா அவர் கையில் தேத்தண்ணியைக் கொடுத்தார். “பிள்ளைக்கு முப்பத்தொண்டாம் நாள் எப்ப?”

“வாற கிழமை.”

“அதுவரைக்கும் வீட்டில ஆணி அடிக்கிறது, ஓட்டை போடுறது ஒண்டும் வேண்டாம். பிள்ளை பிறந்த வீட்டில சத்தம் கூடாது. உன்ர மனுசி கஜந்தினி பாவம், அவளும் பிள்ளையும் நிம்மதியாக் கிடக்கட்டும்.”

வண்டு, காளான், வெயில் என்று ஜதுர்ஷிகா ஒரு பெரிய பேச்சே தயாராக வைத்திருந்தாள். அதை அப்படியே விழுங்கினாள்.

“அப்ப எங்கட வீட்டிலயும் ஏலாது அம்மா.”

“ஏன்?”

“எங்கட வீட்டிலயும் பிள்ளை பிறந்திருக்கு.”

அப்பாவுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. மாமாவின் கொட்டாவி பாதியில் நின்றது. அம்மாவின் முகம் போன போக்கை நான் சொல்ல மாட்டேன்.

ஜதுர்ஷிகா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். “இஞ்சை இருந்து பாருங்கோ. கிட்டப் போகாதேங்கோ.”

அம்மா முணுமுணுத்துக்கொண்டே குந்தினார். குருவி புழுவோடு வந்தது. மஞ்சள் வாய்கள் திறந்தன. அம்மாவின் முணுமுணுப்பு நின்றுவிட்டது.

“எத்தினை வாய்!” என்றார், குரலைத் தாழ்த்தி. “இந்தச் சின்ன உடம்போட இவ்வளவுக்கும் சாப்பாடு தீத்துதே!”

“அக்கா, மிஷினைப் போடட்டோ?” என்று மாமா கூப்பிட்டார்.

“கத்தாதை!” என்று அம்மா கிசுகிசுத்தார். “உன்ர வீட்டில இப்ப ஒருத்தன் வந்து கிண்டினால் விடுவியோ? இதுகளுக்கும் முப்பத்தொண்டு கழியட்டும். பிறகு பாப்பம்.”

மாமா நுனிக்காலில் நடந்து போனார். லண்டனில் ஒரு வான் கதவு அவ்வளவு மெதுவாக மூடப்பட்டது அன்றுதான் முதல்முறையாக இருக்க வேண்டும்.

“இந்தக் குருவிக்கு ரென் எண்டு பேராம்,” என்று அப்பா போனைப் பார்த்துச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் தும்மிவிட்டார். அம்மா அதற்கும் ஏசினார்.

அதன் பிறகு அம்மா வேலைக்குப் போகும்முன் ஒருதரம், வந்ததும் ஒருதரம் தூரத்தில் நின்று எட்டிப் பார்ப்பார். பக்கத்து வீட்டுப் பூனை மதிலில் ஏறினால் விளக்குமாற்றோடு ஓடுவார். பிறகு ஒரு காலை, குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே விழுந்து, எழுந்து, பறந்து, முள்ளுக்கொடிக்குள் மறைந்தன. சில நாட்களில் அந்தச் சத்தமும் இல்லாமல் போனது.

அம்மா சொன்ன முப்பத்தொரு நாள் கணக்கு முடிந்த மாலை, ரதீசன் மாமா போன் போட்டார். அம்மா பின்கதவுப் படியில் உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, நாளைக்கு வரட்டோ?”

அம்மா கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார். காதைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, எதற்கோ காத்திருந்தார். ஜதுர்ஷிகாவுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். யன்னலில் நிற்கும்போது அவளுடைய முகமும் அப்படித்தான் இருக்கும். அவள் போய் அம்மாவோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

“சத்தத்தைக் காணேல்லையே பிள்ளை,” என்றார் அம்மா.

“வருமோ தெரியாது அம்மா. வேற ஆரும் வந்தாலும் வருவினம்.”

“அக்கா? கேக்குதோ?” என்றது போன்.

“ஓம் தம்பி, கேக்குது. அந்தக் கல்லை வேற ஆருக்கும் குடு. எங்களுக்கு ஆக்கள் வர இருக்கினம்.”

“ஆர் அக்கா?”

“ஆரெண்டு தெரியேல்லை. வரட்டும்,” என்று அம்மா போனை வைத்தார்.

அன்று அப்பாதான் சமைத்தார். முட்டைப் பொரியலில் உப்பே இல்லை. பின்கதவைத் திறந்துவைத்து, கோடிப் பக்கம் காதைச் சாய்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவும் ஜதுர்ஷிகாவும் அதைக் கவனிக்கவில்லை.