கழுதைப்புலி தூக்கிப்போன பூட்ஸ்

"ஏட்டி வடிவு, எந்திரி! பூட்ஸ எங்க வச்ச?"

பிரமு அத்தை கூடாரத் துணியை விலக்கிக் கத்தினாள். வடிவு துள்ளி எழுந்து வாசலைப் பார்த்தாள். அவள் பூட்ஸும் இல்லை, தம்பி இசக்கியின் பூட்ஸும் இல்லை! மணலில் கழுதைப்புலியின் கால்தடம்தான் இருந்தது.

"தோல் சாமான வெளிய வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா?"

"உங்க பூட்ஸ் எங்க அத்தை?" என்றான் இசக்கி.

அத்தை குனிந்து பார்த்தாள். காலில் ரப்பர் செருப்பு! பன்னிரண்டு வருடமாக ஆப்பிரிக்கக் காட்டில் விலங்கு மருத்துவர். நேற்று திருநெல்வேலியிலிருந்து வந்த அண்ணன் பிள்ளைகளோடு ஊர்க்கதை பேசிய சுகத்தில், அவளும் வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டாள். இனி யாரைத் திட்டுவது?

திட்ட நேரமும் இல்லை. ஜூரி என்ற காண்டாமிருகத்தை மூன்று நாளாகக் காணோம். அதன் காலில் கட்டிய தோல்பட்டையிலுள்ள ரேடியோக் கருவியின் சமிக்ஞை ஒரு பாறைக்குன்றிலேயே அசையாமல் நின்றது. குன்றைச் சலித்தும் உடல் கிடைக்கவில்லை. ஜூரிக்கு இரண்டு மாதக் குட்டி உண்டு. தாய் செத்திருந்தால், இன்றைக்குள் குட்டியைக் கண்டுபிடிக்காவிட்டால் அதுவும் பிழைக்காது. அத்தைக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் இங்கயே கிடங்க. இந்த ரப்பர் செருப்போட எங்க வருவீங்க?"

"ஜீப்ப விட்டு எறங்க மாட்டோம் அத்தை! தடத்தப் பாருங்க, இதுவும் அந்தக் குன்றுக்குத்தான் போவுது!" என்றாள் வடிவு.

ஓட்டுநர் பராக்கா தடத்தை உற்றுப் பார்த்தான். ஆமென்று தலையாட்டி, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

முட்புதர் கீற, ஜீப் குலுங்கிக் குலுங்கிப் பறந்தது. குன்றின் பின்புறம் ஒரு பொந்து! வாசலில் தாய்க் கழுதைப்புலி பல்லைக் காட்டி உறுமியது.

"யாரும் அசையாதீங்க!" என்றாள் அத்தை.

இசக்கி தொலைநோக்கியை எடுத்தான். "அத்தை, உங்க பூட்ஸ ஒரு குட்டி கடிக்குது! இன்னொரு குட்டி வாயில... பட்டை! சின்னதா லைட்டு மினுங்குது!"

அத்தை தொலைநோக்கியைப் பிடுங்கிப் பார்த்தாள். தோல் ஆசையில் கழுதைப்புலி இழுத்துவந்த பட்டை! சமிக்ஞை இத்தனை நாளும் பொந்துக்குள்ளிருந்து வந்திருக்கிறது. பட்டை தானாக அறுந்ததா? இல்லை, ஜூரியின் பிணத்திலிருந்து பிடுங்கியதா?

"ஜூரி வழக்கமா ஒடம்ப எங்க தேய்க்கும் அத்தை? அங்க அறுந்திருக்கலாம்லா?" என்று படபடத்தாள் வடிவு.

"ஆத்தங்கரைச் சேத்துக்குழியில. பராக்கா, ஓட்டு!"

சேற்றுக்குழியருகே ஒரு மொட்டை மரத்தில் பட்டையின் பிய்ந்த துண்டு தொங்கியது. ஈரச் சேற்றில் பெரிய தடம், பக்கத்தில் குட்டித் தடம்! பராக்கா வண்டியை நிறுத்தினான்.

புதர் பிளந்தது. கொம்பைத் தாழ்த்திக்கொண்டு ஜூரி நேராக ஜீப்பை நோக்கிப் பாய்ந்தது! அதன் பின்னால் குட்டியும் ஓடிவந்தது.

"ரிவர்ஸ்! ரிவர்ஸ்!" என்று கத்தினாள் அத்தை.

வண்டி பின்வாங்கிப் பின்வாங்கி ஓட, அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். "முட்டுட்டி ராசாத்தி, நல்லா முட்டு!"

அன்று மாலை கூடார வாசலுக்கு வந்ததும் மூவரும் பழக்கத்தில் செருப்பைக் கழற்றினார்கள். அத்தை மூன்று ஜோடியையும் வாரி எடுத்தாள்.

"ரப்பரையும் கழுதைப்புலி தின்னுமா அத்தை?" என்றான் இசக்கி.

"தெரியாதுல. ஒருதடவ நம்ம தப்புனால நல்லது நடந்துபோச்சு. அதுக்காக இன்னொருதடவ வெளிய வச்சுப் பாக்க முடியுமா?"

செருப்புகளை அணைத்தபடி அவள் உள்ளே போனாள். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.