தங்கை கொடுத்த கிட்னி

சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, அடிவயிற்றின் வலது ஓரத்தில், தோலுக்குச் சற்றுக் கீழே, அது புரண்டு படுத்தது.

சிறுநீரகம் புரளாது. இதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி ஆய்வகத்தின் தலைமை மருத்துவர் அவர். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல், அவனுடைய சதைத் துணுக்கையும் சிறுநீரையும் மட்டும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியே தலை நரைத்தவர். முகங்கள் அழும், கெஞ்சும், பொய் சொல்லும். செல்கள் வாயைத் திறக்காது. அதனாலேயே மனிதர்களைவிட அவற்றின்மேல் அவருக்கு மரியாதை அதிகம். 'வெறும் வாயு' என்று தனக்கும் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டுத் தலை வாரிக்கொண்டார்.

உள்ளே இருந்தது தங்கையுடையது. திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிறவள். இரண்டும் இரண்டும் எவ்வளவு என்றாலும் விரல் மடக்குகிறவள் என்று சின்ன வயதிலிருந்தே அவர் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்தபோது, கூடவே படித்த பெரிய மனிதர்களெல்லாம் தொலைபேசியில் வருத்தம் மட்டும் தெரிவித்தார்கள். இவள்தான் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வந்து படுத்தாள்.

"மூளையைக் கொடுக்கறேன்னு வந்திருந்தா வேண்டாம்னிருப்பேன். கிட்னிதானே, பரவாயில்ல" என்றார் அவர். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவரால் எப்போதுமே பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை.

அன்று மதியம் சிறுநீரகப் பிரிவின் இளம் டாக்டர் அவர் அறைக்கு வந்து, உட்காரச் சொல்வாரா என்று பார்த்து, சொல்லாததால் நின்றுகொண்டே பேசினான்.

"சார், உங்க ரத்தத்துல கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கு, கிட்னி சரியா வடிகட்டல. வைரஸ் டெஸ்ட் ஒண்ணு அனுப்பிடலாம். பாலியோமாவா இருந்தா மாத்திரையைக் குறைக்கணும்."

"பாலியோமா யாருக்குத்தான் இல்ல? உனக்கு இருக்கும், வாசல்ல நிக்கிற வாட்ச்மேனுக்கு இருக்கும். சின்ன வயசுல உள்ள வந்து கிட்னியில சுருண்டு படுத்தா சாகற வரைக்கும் தூக்கம்தான். பல்லு புடுங்கின பாம்பு, தம்பி."

"உடம்போட எதிர்ப்புக் காவல் முழிச்சிருக்கற வரைக்கும்தான் சார் அது தூங்கும். புது கிட்னியை உங்க உடம்பு தாக்கக் கூடாதுன்னு காவலை நாமளே மாத்திரை கொடுத்துத் தூங்க வெச்சிருக்கோம். அப்புறம் அது ஏன் தூங்கணும்?"

"நேத்து முளைச்சதெல்லாம் எனக்குப் பாடம் எடுக்குது" என்று அவர் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். காலடிச் சத்தம் விலகிப் போனது.

அவருக்கு விஷயம் தெளிவாகவே இருந்தது. தன் உடம்பு தங்கையின் சதையை வேண்டாமென்று தள்ளுகிறது, அவ்வளவுதான். அதில் அவருக்கு ஓர் அற்ப மகிழ்ச்சிகூட இருந்தது: உடம்புக்கும் தரம் தெரிகிறதே! காவலை இன்னும் ஆழமாகத் தூங்க வைத்தால் போதும். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டார்.

அதன் பிறகுதான் வீடு மாறத் தொடங்கியது. குளியலறைக் கதவைத் திறந்தால், எவ்வளவு கழுவினாலும் போகாத ஒரு வாடை, ஈரச் சுவரும் பழைய கம்பளியும் கலந்தாற்போல, அவருக்கு முன்பே அங்கே வந்து காத்திருப்பதுபோல மூக்கில் ஏறியது. விளக்கைப் போடாமல் நாற்காலியில் சாய்ந்திருக்கும் அந்தி வேளைகளில், ஜன்னலுக்கு வெளியே வண்டிகளின் இரைச்சல் ஓய்ந்து அடுத்தது வருவதற்குள் விழும் சிறிய அமைதியில், அடிவயிற்றிலிருந்து மிக மெல்லிய ஒரு சலசலப்பு, காகிதப் பையில் அரிசி நகர்வதுபோலக் கேட்டது. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார். தனக்குப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள்.

"கால் வீங்கியிருக்கேண்ணா."

"உப்பு."

"தொட்டுப் பாக்கட்டா?"

வருகிறபோதெல்லாம் கேட்பாள். கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வந்தவள்போல, சட்டைக்கு மேல் ஒரு நிமிடம் உள்ளங்கையை வைத்துவிட்டுப் போவாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வயிற்றைக் காட்டினார்.

வைத்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னடி?"

"உள்ளேருந்து... கையை நக்கற மாதிரி இருக்குண்ணா."

"பேசுது பார் அறிவுக்கொழுந்து" என்றார். அவள் சிரிக்கவில்லை. அடுக்களைத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, மறுபடி சோப்புப் போட்டு, வெகுநேரம் கை கழுவினாள். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

அடுத்த விடுமுறை நாளில், ஆய்வகத்தில் யாரும் இல்லாத பகல்பொழுதில், தன் சிறுநீரைத் தானே குப்பியில் எடுத்து வந்தார். வேறு எவன் கண்ணையும் அவர் நம்பியதில்லை. குப்பியை மேஜைமேல் வைத்து, கொஞ்சம் எடுத்து இயந்திரத்தில் சுழலவிட்டு, வண்டலைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயமேற்றிக் குனிந்தார். குளிர்பெட்டி முனகியது.

செல்கள்.

உட்கருக்கள் பருத்து, செல் முழுவதையும் அடைத்து, புகை படிந்த கண்ணாடிபோல. உள்ளே ஒரு கோடு இல்லை. ஒரு புள்ளி இல்லை. எல்லாம் துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. புற்று என்று பார்ப்பவனை ஏமாற்றும் செல்கள் இவை, உள்ளே இருப்பது வைரஸ் என்று எத்தனை மாணவர்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார். சில்லை நகர்த்தினார். இங்கேயும். இங்கேயும்.

இவை அவருடையவை அல்ல. தங்கையின் சிறுநீரகத்திலிருந்து உதிர்ந்தவை. இத்தனை நாளும் அவள்தான் துளித்துளியாக வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

மண்டு. மரமண்டை. கூமுட்டை. தங்கைக்கென்று வைத்திருந்த வசவுகள் ஒவ்வொன்றாக வந்து அவர்மேலேயே அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தன.

இளம் டாக்டரைப் போனில் கூப்பிட்டார்.

"தம்பி... மாத்திரையை நானே ஏத்திட்டேன்."

"எப்பலேருந்து சார்?"

"இப்ப குறைச்சா?"

"குறைச்சா காவல் முழிச்சுக்கும். முழிச்சதும் வைரஸை அடிக்குமா, கிட்னியை அடிக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாது. குறைக்கலைன்னா இருக்கறதையும் அது தின்னுடும். கிளம்பி வாங்க சார். உடனே."

"தங்கச்சிகிட்ட என்ன சொல்றது?"

அதற்குள் அவன் இணைப்பைத் துண்டித்திருந்தான்.

எழுந்திருக்க மேஜையைப் பிடித்தார். விரல் குப்பியில் பட்டது. மீதிச் சிறுநீர் அதில் தெளிந்து நின்றது. அடியில் வெண்ணிறமாய், மாவுபோல, வண்டல்.

அது அசைந்தது.

கை நடுக்கம். மேஜை நடுக்கம். விரலை அப்படியே வைத்திருந்தார். மூச்சை அடக்கினார். வண்டல் விரலிருந்த பக்கம் ஒதுங்கியது.

விரலை எடுத்து மறுபுறம் வைத்தார்.

காத்திருந்தார்.

ஜன்னல் வெயில் நேராகக் குப்பிக்குள் விழுந்துகொண்டிருந்தது. மெல்ல, கண் திறக்காத குட்டிகள் தாய்மடியை மோந்து வருவதுபோல, அடியிலிருந்த வெண்மை மொத்தமும் திரும்பி, அவர் விரலை நோக்கி ஊர்ந்து வந்து, கண்ணாடியின் உட்புறத்தைப் பற்றி மேலே ஏறத் தொடங்கியது.